நூறைத் தொட்டவர்கள் எதனால் இறக்கிறார்கள்?

அழகர்கோவில் அடிவாரத்து ஊர்களில், கள்ளந்திரியிலோ பொய்கைக்கரைப்பட்டியிலோ, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அப்பத்தாவிடம் வயதைக் கேட்டால் எண்ணாகப் பதில் வருவது அபூர்வம். "தாது வருசம் பெறந்தேன்" என்பார் ஒருவர். "சுதந்திரம் வந்தப்ப எனக்கு ரெண்டு புள்ளைக" என்பார் இன்னொருவர். பக்கத்தில் நிற்கும் பேரன், "நூறு தாண்டிருச்சு சார்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவான். தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுற்றிச் சுற்றி வருபவை. தாது 1876-77இல் வந்தது, பெரும் பஞ்சத்தோடு வந்ததால் ஊர் நினைவில் தங்கிவிட்டது. அடுத்த தாது 1936-37. அதில் பிறந்தவர் நூறைத் தொட 2036 ஆக வேண்டும். சுதந்திரத்தின்போது இரண்டு பிள்ளைகள் என்பவரோ 1929 வாக்கிலாவது பிறந்திருக்க வேண்டும். நூறுக்கு அருகில் நிற்பவர் இந்த இரண்டாமவர்தான்.

மிக முதிய வயதில் என்ன நோய் வருகிறது, எதனால் மரணம் நேர்கிறது என்ற கேள்விக்குள் போகுமுன் இந்தக் கணக்கைத் தீர்த்தாக வேண்டும். வயதே தவறு என்றால் அதன்மேல் கட்டுகிற முடிவுகள் எல்லாம் தவறிப்போகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நூறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 6,05,778 பேர். அதே ஆண்டு செப்டம்பரில் ஜப்பான் அரசு எண்ணிய நூறு வயதினர் 47,756 பேர். பத்து லட்சம் பேருக்கு இத்தனை என்று வகுத்துப் பார்த்தால் நம்மிடம் 500, ஜப்பானில் 370 சொச்சம். பிறக்கும் குழந்தை சராசரியாக எண்பதைத் தாண்டி வாழும் நாட்டைவிட, எழுபதைக்கூட எட்டாத நாட்டில் நூறு வயதினர் மலிந்திருந்தார்களாம்! நம்ப வழியில்லை. கணக்கெடுப்பாளர் கேட்க, வீட்டார் உத்தேசமாகச் சொல்ல, அது எழுத்தில் ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1962இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகைக்கும் இதில் பங்குண்டு. ஊரில் ஓஏபி பணம் என்பார்கள், 2023இல் மாதம் 1,200 ரூபாயானது. அதை வாங்க வயதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னவர்கள் உண்டு. கூட்டிய வயது ரேஷன் கார்டில் ஏறி, அங்கிருந்து வாக்காளர் அட்டைக்குப் போய், ஆதாரில் ஜனவரி 1 என்ற பிறந்த நாளோடு உட்கார்ந்துகொள்ளும். மதராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பழைய கிராமப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் "பெண் குழந்தை" என்ற குறிப்பும் மட்டுமே இருக்கும் வரிகள் ஏராளம். ஐந்து மகள்களைப் பெற்றவர் வீட்டில் அந்த வரி எந்த மகளுக்குரியது என்று யார் சொல்வது?

இது நம் ஊர்க் குறை மட்டுமில்லை. 2010இல் தோக்கியோ நகரின் மிக முதிய ஆண் என்று பதிவாகியிருந்தவரின் வீட்டுக்கு அதிகாரிகள் போனபோது, அவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்து உலர்ந்த உடலாகக் கிடந்தார். அவர் பெயரில் ஓய்வூதியம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அமெரிக்க மாநிலங்களில் முறையான பிறப்புச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தபின் 110 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை 69 முதல் 82 விழுக்காடு வரை சரிந்ததாக ஆய்வாளர் சால் நியூமன் கணக்கிட்டுக் காட்டினார். மிக முதியோர் ஆராய்ச்சியில் பாதி எழுத்தர் பிழையைப் பற்றியது என்று கேலியாகச் சொல்லலாம். நியூமனின் வேலைக்கு 2024இல் இக் நோபல் பரிசு கிடைத்தது.

படித்தவர்களிடமும் ஓராண்டு நழுவும். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, தேர்வு எழுதுமுன் சிறைக்குப் போய், பின்னாளில் மதுரையிலிருந்து சட்டமன்றம் சென்ற கம்யூனிஸ்ட் தலைவர் என்.சங்கரய்யா 2023 நவம்பர் 15 அன்று காலமானார். 102 வயது என்றன செய்திகள். பிறந்த ஆண்டு சில பதிவுகளில் 1921, சிலவற்றில் 1922. நடப்பு வயதைச் சொல்வது நம் வழக்கம், முடிந்த வயதைக் கேட்பது மருத்துவ வழக்கம். 60 வயதுக்காரரிடம் இந்த ஓராண்டு ஒரு பொருட்டில்லை. நூறில் அப்படியில்லை. அங்கே ஓராண்டைக் கடப்பதே பெரும் கண்டம். நூறு வயதுப் பெண்கள் மூன்று பேரில் ஒருவர் அடுத்த பிறந்த நாளைப் பார்ப்பதில்லை.

வயது இப்படி என்றால், இறப்புக் காரணம் இதைவிட மோசம். வீட்டில் இறந்தவரின் மரணத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும். உறவினர் போய்ச் சொல்வதே பெரும்பாலும் காரணமாக எழுதப்படும்: முதுமை, மூப்பு, இயற்கை மரணம். 2020இல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தவை 22.5 விழுக்காடு. அவற்றிலும் பெரும்பகுதி மருத்துவமனையில் நேர்ந்தவை. தொண்ணூறைத் தாண்டியவரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போவதை நம் குடும்பங்கள் விரும்புவதில்லை. "இனிமே எதுக்குப் போட்டு அலைக்கழிக்கணும்" என்பார்கள். அந்த முடிவில் பல நேரம் நியாயமும் உண்டு. ஆனால் அதனால் நோயின் பெயர் ஏட்டுக்கு வராமலே போகிறது.

இந்தக் குறையைச் சரிக்கட்ட ஒரு வழி உண்டு. இறந்தவரின் வீட்டாரிடம் உட்கார்ந்து, கடைசி நாட்களில் மூச்சு வாங்கியதா, கால் வீங்கியதா, பேச்சுக் குழறியதா என்று விசாரித்து அதிலிருந்து காரணத்தை ஊகிப்பது. டாக்டர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் 1990களில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் ஏறக்குறைய 80,000 மரணங்களை இப்படி விசாரித்தார்கள். உலக அளவில் பேசப்பட்ட வேலை. நடுத்தர வயது மரணங்களில் அது நன்றாகவே வேலை செய்தது. எழுபதைத் தாண்டியவர்களிடம் தடுமாறியது. காரணம் எளிது. நாற்பதில் இறந்தவரின் மனைவிக்கு ஒவ்வொரு மணி நேரமும் நினைவிருக்கும். தொண்ணூற்றைந்தில் இறந்தவரைப் பற்றிக் கேட்டால், "ஒரு மாசமா சோறு எறங்கலை, அப்படியே அடங்கிருச்சு" என்பதோடு கதை முடிந்துவிடும்.

ஆகவே உடலைத் திறந்து பார்த்த இடங்களுக்குத்தான் போக வேண்டும். வியன்னாவில் 18 ஆண்டுகளில் நடந்த 42,398 பிரேதப் பரிசோதனைகளில் நூறு வயதைக் கடந்தவர்கள் 40 பேர். மருத்துவமனைக்கு வெளியே எதிர்பாராமல் இறந்தவர்கள் இவர்கள். அதில் அறுபது விழுக்காட்டினர் கடைசிவரை ஆரோக்கியமானவர்கள் என்றே கருதப்பட்டவர்கள். 2005இல் வெளிவந்த முடிவு என்ன? நாற்பது பேரிலும் மரணத்துக்குத் திட்டவட்டமான காரணம் இருந்தது. 68 விழுக்காட்டினருக்கு இதயமும் ரத்தக் குழாய்களும், 25 விழுக்காட்டினருக்கு நுரையீரல். வெறும் முதுமையால் இறந்தவர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

இதோடு இங்கிலாந்துக் கணக்கை வைத்துப் பார்த்தால் முரண் தெரியும். 2001 முதல் 2010 வரை அங்கே இறந்த 35,867 நூறு வயதினரின் சான்றிதழ்களில் 28 விழுக்காடு "முதுமை" என்றன, 18 விழுக்காடு நிமோனியா. புற்றுநோய் வெறும் 4.4, மாரடைப்பு வகை இதய நோய் 8.6. எண்பது முதல் எண்பத்து நான்கு வயதில் இறப்பவர்களிடம் இந்த இரண்டும் முறையே 24.5, 19. கத்தி திறந்து பார்த்தபோது இதயம், பேனா எழுதியபோது முதுமை. வியன்னாவினர் திடீரென இறந்தவர்கள், இங்கிலாந்தினர் பெரும்பாலும் முதியோர் இல்லங்களில் மெல்ல அடங்கியவர்கள். அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், திறந்து பார்க்காத இடத்தில் "முதுமை" என்ற சொல் நிறைய விஷயங்களுக்குப் போர்வையாகிறது என்பது என் துணிபு.

புற்றுநோய் ஏன் குறைகிறது என்பது தனிச் சுவையான கேள்வி. தொண்ணூறு வரை ஏறுகிற புற்றுநோய் மரணம் அதற்குமேல் தணிகிறது. வர வேண்டியவர்களுக்கு முன்பே வந்துவிட்டது, அவர்கள் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் வேறு வார்ப்பு என்பது ஒரு விளக்கம். செல்கள் பெருகும் வேகமே தளர்ந்துவிடுகிறது என்பது இன்னொன்று. அதே வடிகட்டல்தான் சர்க்கரை நோயிலும். தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏழு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை. ஆனால் நூறை எட்டியவர்களிடம் நாற்பதாண்டுச் சர்க்கரையை எங்குமே அரிதாகத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் தாமஸ் பெர்ல்ஸின் குழு 424 நூறு வயதினரின் நோய்க் கதையைக் கேட்டபோது மூன்று வகை தென்பட்டது: எண்பதுக்கு முன்பே நோய் வந்தும் தாங்கியவர்கள், எண்பதுக்குமேல் நோயைச் சந்தித்தவர்கள், நூறுவரை பெரிய நோய் எதுவும் தீண்டாதவர்கள். தீண்டாதவர்கள் ஆண்களில் 32 விழுக்காடு, பெண்களில் 15. பெண்கள் நோயோடு நெடுநாள் இழுத்து வாழ்கிறார்கள், ஆண்கள் அவ்வளவு தாங்குவதில்லை. எந்தக் கிராமத்திலும் எண்ணிப் பார்க்கலாம்: நாலைந்து முதிய விதவைகளுக்கு ஒரு கிழவர்தான் தேறுவார். ஆனால் அந்தக் கிழவர் பெரும்பாலும் தானே நடந்து டீக்கடைக்கு வருவார்.

நூற்றுப் பத்தைத் தாண்டியவர்களின் கதை வேறு. அவர்களில் வெகு சிலரையே பரிசோதித்திருக்கிறார்கள். அந்தச் சிலரில் பலரிடம் இதயத் தசைக்குள் ஒருவகைப் புரதப் படிவு காணப்பட்டது. கல்லீரலில் உண்டாகி ரத்தத்தில் ஓடும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம், வயதாக ஆக உருக்குலைந்து இதயச் சுவரில் படிந்து அதை விறைக்கச் செய்கிறது. பின்லாந்தில் 85 வயதுக்கு மேற்பட்டோரைப் பரிசோதித்தபோது நான்கில் ஒருவரிடம் இது இருந்தது. மாரடைப்பு போல நெஞ்சைப் பிடிக்காது. கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், நடை தளரும். நம் ஊரில் இதை நோயென்றே யாரும் எண்ண மாட்டார்கள். 2005இல் 115 வயதில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்த டச்சுப் பெண்மணி ஹென்ட்ரிக்யே வான் ஆண்டெல் தம் உடலை ஆராய்ச்சிக்கு எழுதிவைத்திருந்தார். மூளையில் மறதி நோயின் அடையாளம் அநேகமாக இல்லை, ரத்தக் குழாய்கள் வியக்கத்தக்கபடி தூய்மை. ஆனால் அவருடைய வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவை வெறும் இரண்டே தாய்ச் செல்களிலிருந்து வந்தவை என்று 2014இல் கண்டார்கள். நோய் எதிர்க்கும் படையின் ஊற்று ஏறக்குறைய வற்றியிருந்தது.

இந்த ஊற்று வற்றுவதுதான் மிக முதிய வயதில் நுரையீரல் இத்தனை முறை குற்றவாளிக் கூண்டில் நிற்பதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் தொண்டையில் இருக்கிறது. புரையேறுவது எல்லோருக்கும் தெரியும். இளவயதில் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையைத் தட்டிவிட்டுச் சிரிப்போம். தொண்ணூறில் நிலைமை வேறு. நார்க்கட்டிலில் மல்லாக்கப் படுத்திருக்கும் அம்மாச்சிக்கு மருமகள் டம்ளரில் நீராகாரத்தை வாயோரம் சாய்க்கிறாள். பாதி உள்ளே இறங்குகிறது, பாதி மூச்சுக் குழாயில் வழிகிறது. இருமல் வர வேண்டும், வராது. அந்த உணர்ச்சியே மழுங்கியிருக்கும். வெற்றிலை இடித்துப் போட்ட வாய், பல்லிடுக்கில் நாட்பட்ட அழுக்கு, அதன் கிருமிகளும் சேர்ந்து கீழே போகின்றன. இரண்டு மூன்று நாளில் மூச்சு வேகமாகிறது, ஆள் மயங்கி மயங்கி விழுகிறாள், யாரையோ கூப்பிட்டுப் பிதற்றுகிறாள். தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. மிக முதிய உடம்பு காய்ச்சல் காட்டுமளவு கூடச் சண்டை போடாது. காய்ச்சல் இல்லாததால் நோய் இல்லை என்று முடிவு கட்டி, வெளியூர் மகன்களுக்குத் தகவல் சொல்லி, பால் ஊற்ற ஆள் சேர்ப்பார்கள். ஏற்கெனவே விழுங்க முடியாதவரின் தொண்டையில் ஆளுக்கொரு துளி. அந்தத் துளி கொல்கிறது என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குள் நுரையீரல் நிரம்பியிருக்கும். ஆனால் அசதி மயக்கத்தைச் சாவு மயக்கமாகக் கண்டு அவசரப்பட்ட வீடுகளும் உண்டு. "பால் ஊத்தினாங்க, எந்திரிச்சு உக்காந்துட்டா கெழவி" என்ற கதை எந்த ஊரில் இல்லை?

இதில் செய்யக்கூடியது நிறைய. உட்கார வைத்து ஊட்டுவது, ஊட்டியபின் அரைமணி நேரம் சாய்க்காமல் வைப்பது, நீராகாரத்துக்குப் பதில் குழைந்த சோறாகக் கொடுப்பது, வாயைத் துணியால் தினம் துடைப்பது. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் வாய்ச் சுத்தத்தை மட்டும் ஒழுங்காகப் பார்த்து இரண்டாண்டு கவனித்தார்கள். நிமோனியாவால் இறந்தவர் விகிதம் 16இலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்ததாக 2002இல் எழுதினார்கள். மருந்தில்லை, ஊசியில்லை. முன்பு சொன்ன சங்கரய்யாவும் காய்ச்சலும் சளியுமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுத்தான் மறைந்தார். தும்கூர் சித்தகங்கா மடத்தின் சிவகுமார சுவாமி 2019 ஜனவரியில் 111 வயதில் இறந்ததும் நுரையீரல் தொற்றால்.

நுரையீரலுக்கு அடுத்தபடி நான் வைப்பது விழுவதை. கண்புரை மறைத்த பார்வை, இருட்டில் கொல்லைக்குப் போகும் வழி, ஈரத் தரை. இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஓராண்டுக்குள் இறப்பவர் ஐந்தில் ஒருவர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. முறிவு நேரடியாகக் கொல்வதில்லை. படுக்கையில் கிடத்துகிறது, பின் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, மறுபடி அதே நிமோனியா. இறப்பை எழுதும் நாளில் வழுக்கி விழுந்தது யாருக்கும் நினைவிருக்காது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பார்வைக்காகச் செய்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எத்தனை இடுப்புகளைக் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் எண்ணவில்லை.

வெயிலையும் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் மதுரைச் சமவெளி கொதிக்கும்போது முதிய உடம்புக்குத் தாகம் தெரியாது. தெரிந்தாலும் இரவில் எழுந்து போக யாரை எழுப்புவது என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். நீர் வற்றிய உடம்பில் பிரஷர் மாத்திரை சிறுநீரகத்தைச் சாய்க்கும். 2010 மே மாத அனல் காற்றில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அனல் இப்படிக் கொன்றதெல்லாம் பதிவேட்டில் வெயில் என்று வருவதில்லை. அழகர்மலைமேல் நூபுர கங்கைத் தண்ணீரை மூலிகை நீர் என்று நம்பிக் கேன்களில் பிடித்துப் போகிறவர்களைப் பார்க்கும்போது தோன்றும்: அது ஆயுளைக் கூட்டுமோ என்னவோ, அந்தச் சாக்கில் வீட்டுக் கிழவி இரண்டு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தால் நல்லதுதான்.

இயற்கை மரணம் என்ற வரிக்குள் ஒளிந்துகொள்ளும் இன்னொன்றையும் இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறவர் தாண்டிப் போக முடியாது. தலைக்கூத்தல். விருதுநகர் மாவட்டத்தை மையமாக வைத்து 2010இல் பத்திரிகைகள் எழுதியபின் வெளியுலகம் அறிந்தது. தென் மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் அதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கிடையில் கிடக்கும் முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரால் குளிப்பாட்டி, இளநீரை அளவில்லாமல் குடிக்கக் கொடுப்பார்கள். உடம்பின் சூடு சரியும், தளர்ந்த சிறுநீரகம் இளநீரின் பொட்டாசியத்தைத் தாங்காது, நெஞ்சில் நீர் கோக்கும். ஓரிரு நாளில் முடிந்துவிடும். சட்டப்படி கொலை. பாரம், தலைக்கூத்தல் என்று திரைப்படங்கள்கூட வந்துவிட்டன. ஆனால் எந்தப் புள்ளிவிவரத்திலும் இதற்கு ஒரு எண் கிடையாது, கிடைக்கவும் வழியில்லை. பதிவேட்டுக்கு இதுவும் மூப்பு, உண்மையாகவே அடங்கிப்போன உயிரும் மூப்பு.

ஒவ்வொரு மரணத்துக்கும் திட்டவட்டமான காரணம் தேடுவதற்கு எதிர்த்திசையில் ஒரு வாதம் இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. நூறைத் தாண்டியவரிடம் ஒற்றைக் காரணம் தேடுவதே தவறு என்பார்கள். இதயம் விறைத்து, சிறுநீரகம் சுருங்கி, தசை கரைந்து, விழுங்கும் திறன் போனவரை ஒரு சளிக்காய்ச்சல் சாய்த்தால் அந்தச் சளியைக் குற்றம் சொல்லலாமா? இத்தாலியில் 105 வயதைக் கடந்த 3,836 பேரைப் பார்த்த 2018 ஆய்வு, அந்த வயதுக்குமேல், காரணம் எதுவானாலும், ஆண்டுதோறும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று சமநிலைக்கு வந்துவிடுவதாகச் சொன்னது (நியூமன் அதையும் எதிர்த்தார்). 2022இல் எலிசபெத் அரசியின் சான்றிதழில் முதுமை என்றே எழுதினார்கள். பிரிட்டனில் எண்பதைத் தாண்டினால் அப்படி எழுத விதி இடம் தருகிறது. உலக சுகாதார நிறுவனமோ புதிய நோய்ப் பட்டியலில் முதுமையை ஒரு குறியீடாகச் சேர்க்கப் போய், எதிர்ப்பு கிளம்பி, அதைச் சுற்றி வளைத்த வேறு பெயரால் மாற்றிக்கொண்டது. முதுமையை நோயாக்கினால் வைத்தியம் செய்ய மாட்டார்கள் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். நம் ஊர் அனுபவத்தில் அது வீண் அச்சமில்லை.

சிவகுமார சுவாமிக்கு 111 வயதில், 2018 டிசம்பரில், சென்னையில் பித்தக்குழாய் அறுவை செய்தார்கள். அதிலிருந்து பிழைத்து மடத்துக்குத் திரும்பினார். சரியா தவறா என்று இன்றும் மருத்துவர்கள் வாதிடலாம். அவருக்கு அந்தக் கேள்வியாவது எழுந்தது. தமிழ்நாட்டில் முதியோர் மருத்துவம் 1978இல் டாக்டர் வி.எஸ்.நடராஜன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கிய புறநோயாளிப் பிரிவிலிருந்து வளர்ந்தது. 2021இல் 60 வயதுக்கு மேற்பட்டோர் மாநிலத்தில் 13.6 விழுக்காடு என்று மதிப்பிட்டார்கள். ஆனால் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தொண்ணூற்றைந்து வயதுக்காரரைக் கட்டிலோரம் உட்கார்ந்து பார்க்கிற முதல் மருத்துவப் பணியாளர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் ஊழியராகத்தான் இருப்பார். பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்க வருபவர். எப்போது விழுந்தார், எப்படி ஊட்டுகிறார்கள், எத்தனை நாளாகப் பிதற்றல் என்பதெல்லாம் இறந்தபின் விசாரிக்க வருகிறவரைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

வீட்டு மரணத்துக்கான சான்றுப் படிவம் 4அ ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரே ஒரு கோடு போட்டு "முதுமை" எழுதச் சொல்லவில்லை. முதலில் உடனடிக் காரணம், அதற்குக் கீழே அதை உண்டாக்கியது, அதற்கும் கீழே அடிப்படை, தனிப் பகுதியில் கூடவே இருந்த பிற கோளாறுகள். மேலே சொன்ன அம்மாச்சிக்கு நிரப்பிப் பாருங்கள். உடனடிக் காரணம் நிமோனியா, ஐந்து நாள். அதற்குக் காரணம் புரையேறியது. அதற்கு அடிப்படை பழைய பக்கவாதம், மூன்று ஆண்டு. கூடவே இருந்தவை: இடுப்பெலும்பு முறிவு, எட்டு மாதம், படுக்கைப் புண், இரு கண்ணிலும் புரை. வயது என்ற கட்டத்தில் 96, அதுவும் சுதந்திரத்தின்போது இருந்த பிள்ளைகளைக் கேட்டுச் சரிபார்த்தது. இதை எழுத ஆகும் நேரம் கால்மணி.